கேமராவுக்குப் படைத்த மஞ்சள் சோறு

கலிசோகா வட்டார அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் சசோங்கோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரிடம் அனுமதி கேட்டிருந்தால் கூச்சத்தில் நெளிந்திருப்பார், இதெல்லாம் எதற்கு என்று உள்ளுக்குள் புழுங்கியிருப்பார், கடைசியில் "இங்கிஹ்" என்று சொல்லியிருப்பார். முடியாது என்று சொல்ல அவருக்கு வராது.

அது அவருடைய தனிக் குறை அல்ல. சும்பிங் மலையின் இந்தப் பக்கம் பிறந்த எவருக்கும் அது வராது. அந்தப் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம் என்று கேள்வி. பெரியவர் கேட்டாலும், மேலதிகாரி கேட்டாலும், வழியில் போகிறவர் கேட்டாலும் "இங்கிஹ்" தான். சரி, ஆகட்டும், அப்படியே. மற்றவர்கள் இதைச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சசோங்கோ சொன்னதைச் செய்தும் தொலைப்பார். அதனால்தான் அவர் தெருச் சங்கத்தின் நிரந்தரப் பொருளாளர். குரலே இல்லாமல் அலுவலகப் பாட்டுக் குழுவில் இரண்டாம் வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் சுரபாயாவுக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போன பூனைகளுக்கு வளர்ப்புத் தந்தை.

இதையெல்லாம் அவருடைய மனைவி நிங்ரும் கல்யாணமான நாளிலிருந்து கவனித்து வருகிறாள்.

"என் பொண்ணக் கட்டிக்கிறியான்னு எங்கப்பா கேட்டப்பவும் இங்கிஹ்னுதானே சொன்னீங்க," என்பாள். "அது எந்த இங்கிஹ்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

இதற்கும் சசோங்கோ இங்கிஹ் என்பார்.

இப்படிப்பட்டவர் கையில் கணினி வந்து சேர்ந்தது தற்செயல்தான். இனி எல்லா வட்டாரங்களிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடும் என்று மாவட்டத்தில் முடிவு செய்தார்கள். அதற்கான பயிற்சிக்கு யார் போவது என்ற கேள்வி வந்தபோது அலுவலகமே தரையைப் பார்த்தது. சசோங்கோ மட்டும் தெரியாத்தனமாகத் தலையைத் தூக்கிவிட்டார். பயிற்சியில் பலவற்றைக் கேட்டார். பாதி புரிந்தது, பாதிக்குத் தலையாட்டினார். ஒன்று மட்டும் முழுதாகப் புரிந்ததோடு நெஞ்சிலும் இறங்கியது.

கணினிக்கு நடுவில் கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தலைமை எழுத்தர் மாதிரி. எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆனால் அதற்கே எல்லாம் தெரியும் என்று இல்லை. கேமரா வந்து வாசலில் நின்றால், கேமரா பாஷை தெரிந்த குமாஸ்தாவை உள்ளேயிருந்து கூப்பிடும். ஒலிபெருக்கி வந்தால் வேறொரு குமாஸ்தா. இந்தக் குமாஸ்தாக்களுக்கு மாட்யூல் என்று பெயர். கணினியில் இருக்கும் ஒரு பொருள் நமக்கு வேண்டாம் என்றால் அதைக் கழற்ற வேண்டாம், உடைக்க வேண்டாம். அதன் மாட்யூலின் பெயரைத் தடைக்கோப்பில் ஒரே ஒரு வரியாக எழுதி வைத்தால் போதும். அடுத்த முறை கணினி கண் விழிக்கும்போது கெர்னல் அந்தக் குமாஸ்தாவைக் கூப்பிடாது. பொருள் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும், பூரண நலத்தோடு. அதோடு பேசத்தான் ஆள் இருக்காது.

பிறந்தது முதல் எவரிடமும் வேண்டாம் என்று சொல்லியிராத ஒரு மனிதருக்கு, சத்தமில்லாமல், யார் முகத்தையும் பார்க்காமல், ஒரே வரியில் வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தால் என்ன ஆகும்? ருசி கண்டுவிட்டார்.

முதல் பலி, கத்தல். பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் இருந்த பழைய கணினி, தப்பான விசையைத் தொட்டால் 'கீ' என்று கத்தும். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரின் விரலுக்குத் தப்பான விசைதான் வாகாக இருந்தது. அதனால் இறந்தவர் பெயரைப் பதியும்போதெல்லாம் உறவினர்களோடு சேர்ந்து கணினியும் அழுதது. சசோங்கோ அந்தக் கத்தலின் மாட்யூலைத் தேடிப்பிடித்துத் தடுத்தார். மறுநாள் அவர் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அடுத்தது புளூடூத். கொடியேற்றத்தன்று தேசிய கீதம் வரவேண்டிய ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் கைபேசி காற்றுவழியாக நுழைந்து, புருஷன் ஓடிப்போன பெண்ணின் டாங்டுட் குத்துப்பாட்டை முழுதாகப் பாடி முடித்தது. எல்லாரும் விறைப்பாக நின்று வணக்கம் செலுத்தினார்கள். அன்று மாலையே புளூடூத்தும் மூடப்பட்டது.

"மாஸ் சசோங்கோ," என்றாள் அதிகாரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் செயலர் விவிக். இங்கே அண்ணன் முறைக்கு மாஸ் என்றுதான் கூப்பிடுவது. "எங்க வீட்டுக்காரரோட குறட்டைக்கு மாட்யூல் ஏதாச்சும் இருக்குமா?"

"அது... பாக்கணும், விவிக்."

"பாருங்க. ரெண்டு சீப்பாத் தரேன்."

அப்போது வட்டார அதிகாரியாக இருந்தவர் பாக் ஹெந்த்ரார்தோ. பாக் என்றால் ஐயா. குறை சொல்ல இடமில்லாத மனிதர், மதியச் சாப்பாட்டுக்கு முன்புவரை. திங்கட்கிழமைதோறும் மதியம் மாவட்டத் தலைவர் எல்லா வட்டாரங்களையும் இணையத்தில் கூட்டி வைத்துப் பேசுவார். பேச்சு நீள நீள பாக் ஹெந்த்ரார்தோவின் கண் மெல்ல மூடும். அதே வேகத்தில் வாய் திறக்கும். ஒரு திங்களன்று இந்தக் காட்சியை மாவட்டமே கண்டது. கண்ட எவரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் சசோங்கோவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாஸ், இந்த லேப்டாப்புல மேல ஒரு சின்னக் கண்ணு இருக்கே."

"இங்கிஹ், பாக்."

"அதுக்கு வெளிச்சம் ரொம்பப் படுதோன்னு எனக்கு ஒரு கவலை."

"படலாம், பாக்."

"ஒரு பிளாஸ்டர் ஒட்டிடலாமா?"

சசோங்கோவுக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டர் ஒட்டுவது கணினி தெரியாதவர்கள் செய்கிற வேலை. தான் ஒருவன் இருக்கும்போது தன் அலுவலகத்து லேப்டாப் நெற்றியில் பிளாஸ்டரோடு உட்கார்ந்திருப்பதா?

"பிளாஸ்டர் வேணாம், பாக். பாக்க அசிங்கமா இருக்கும். நான் உள்ளுக்குள்ளயே மூடிடறேன்."

"வெளிய தெரியாதே?"

"யாருக்கும் தெரியாது, பாக்."

அவர் ஆயுளில் ஒரு மேலதிகாரியிடம் சொன்ன முதல் 'வேணாம்' அதுதான். அதற்கான கூலி பின்னால் வந்தது.

மேலதிகாரியின் கேமரா என்பதால் வேலையில் தனி அக்கறை காட்டினார். தடைக்கோப்பில் பெயர் மட்டும் இருந்தால், கெர்னல்தான் தானாகக் கூப்பிடாதே தவிர, வேறு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குமாஸ்தா எழுந்து வந்துவிடுவார். அந்த ஓட்டையையும் அடைக்க இரண்டாவது வரி ஒன்று உண்டு. யார் கூப்பிட்டாலும் அவருக்குப் பதிலாக 'ஃபால்ஸ்' என்ற குட்டி நிரலை அனுப்பு என்பது அதன் உத்தரவு. அந்த நிரலுக்கு உலகத்தில் ஒரே வேலைதான்: முடியாது என்று சொல்வது. வேறொன்றும் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. சசோங்கோவுக்கு அதன்மேல் கிட்டத்தட்ட பக்தியே இருந்தது. இரண்டு வரியும் எழுதினார். கண் மூடியது. காதை அவர் தொடவில்லை. மைக்குக்குக் குமாஸ்தா வேறு, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

சில திங்கட்கிழமைகள் படம் வராததற்குப் பாக் ஹெந்த்ரார்தோ மலையைக் காரணம் சொன்னார். சிக்னல் மலையில் இடிக்கிறது என்றார். மலை மறுக்கவில்லை. பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அந்தத் திங்கள் கூட்டங்களை நடத்தும் பொறுப்பிலேயே அமர்ந்தார். அமர்ந்ததும் போட்ட முதல் உத்தரவு, கூட்டத்தில் ஒவ்வொரு வட்டார அதிகாரியும் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்பது.

கலிசோகாவுக்குப் புதிதாக வந்தவர் இபு ஹஸ்துதி. இபு என்றால் அம்மா. பெக்காலொங்கான் கடற்கரைப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார், சீக்கிரம் வருவார், இந்த வட்டாரத்துக்கு முதல் பெண் அதிகாரி. பதவி இன்னும் உறுதியாகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். அறையும் லேப்டாப்பும் பழசு. கண் மூடியபடியே கைமாறியது.

முதல் திங்கள். திரையில் எல்லா வட்டாரங்களும் முகம் முகமாகப் பூத்திருக்க, கலிசோகாவின் கட்டம் மட்டும் கறுப்பு.

"கலிசோகா, படம் வரலையே," என்றார் திரையில் பாக் ஹெந்த்ரார்தோ, தலைவாரி, புது பாத்திக் சட்டையில். "புது இபுவ நாங்கள்லாம் பாக்க வேணாமா?"

இபு ஹஸ்துதி திரும்பினார். "மாஸ், இதுக்கு என்ன ஆச்சு?"

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்: மூடி வைத்திருக்கிறேன், இதோ திறக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்பதற்கான பதில் திரையில் புது பாத்திக் சட்டை போட்டு உட்கார்ந்து, அவரையே சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மறந்துவிட்டாரா, மறந்ததாக இருக்கிறாரா என்பது சசோங்கோவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"கேமரா செத்துப்போச்சு போல, இபு," என்றார். "உள்ள ஏதோ எரிஞ்சிருக்கு."

சொன்ன வாய் மூடுவதற்குள்ளேயே அவமானம் காதுமடலில் ஏறிவிட்டது. நன்றாக இருக்கும் கேமராவைச் செத்துவிட்டது என்று சொன்னாயிற்று. இனி அது உயிர்த்தெழுந்தால் தான் பொய்யன். ஆனாலும் ஒரு திட்டம் போட்டார். இபு எப்படியும் வேறு கேமரா கேட்பார். அது வந்ததும், அதைச் செருகுவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் இரண்டு வரியையும் அழித்துவிடுவது. புதுக் கேமராவும் அதே குமாஸ்தாவைத்தான் கேட்கும். குமாஸ்தா வந்துவிடுவார், பழியெல்லாம் பழைய கேமராவோடு போய்விடும்.

நல்ல திட்டம்தான். ஆனால் இபு ஹஸ்துதி கடமையில் கறாரானவர். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் வேலை செய்தார். அடுத்த திங்கள் காலை, தொழிற்பள்ளியிலிருந்து தானே இரவல் வாங்கிய கேமராவோடு வந்து, அத்தனை பேர் முன்னிலையிலும் தானே செருகினார்.

கறுப்பு.

பள்ளிக்கூடத்தில் இது நன்றாகத்தானே வேலை செய்தது என்று அதை இரவல் தந்து கூடவே வந்திருந்த ஆசிரியர் தன் சொந்த லேப்டாப்பில் செருகிக் காட்டினார். பளிச்சென்று எல்லாரும் தெரிந்தார்கள். பின்வரிசையில் சசோங்கோ வாயைப் பிளந்து நிற்பதும் தெரிந்தது.

"அப்ப கேமரா மேல குத்தம் இல்ல," என்றார் காவலாளி பாக் ஜுமெனோ. கட்டடத்தில் இருபது வருஷமாக இருப்பவர். அதில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரியும். "கட்டடத்துக் குத்தம். இந்த ரூமுல இருக்கிறவருக்குப் படம் புடிக்கிறது புடிக்கல. பழைய காலத்து ஆளு. நாம யாரும் கேக்காமக் கொள்ளாம எடுக்கறோம்."

"முன்ன இருந்த பாக் ஹெந்த்ரார்தோவுக்கும் இதே மாதிரிதான் வராமப் போச்சு," என்றாள் விவிக், யோசித்து.

"பாத்தியா."

எல்லாரும் தொழில்நுட்பத் தரப்பின் கருத்தைத் தெரிந்துகொள்ளச் சசோங்கோவைப் பார்த்தார்கள்.

"மாஸ், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் இபு. "ஒரு ஸ்லாமத்தான் வெச்சிடலாம்னு இவங்கள்லாம் ஆசைப்படறாங்க. படைச்சு, வேண்டிக்கிட்டு, எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டா ஒரு நிம்மதின்னு."

"இங்கிஹ், இபு," என்றார் சசோங்கோ.

அன்று மாலை மாவட்டத்திலிருந்து செய்தி வந்தது. பாக் ஹெந்த்ரார்தோவின் கையொப்பம். கலிசோகா அதிகாரி அலுவலகத்திலிருந்து கூட்டத்தில் கலந்துகொள்கிறாரா, பெக்காலொங்கானில் தன் வீட்டிலிருந்தா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அடுத்த திங்களும் முகம் தெரியாவிட்டால் நேரில் வந்து விளக்கம் தர வேண்டியிருக்கும். உறுதியாகாத பதவியில் இருப்பவரை விளக்கம் கேட்டு அழைத்தால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். இபு அதை வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, தேநீரைக் கலக்கினார். சர்க்கரை போட மறந்திருந்தார். வெறும் தேநீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்ததைச் சசோங்கோ பார்த்தார். லேப்டாப்பை அன்றும் இபு கையோடு எடுத்துப் போனார்.

கேமராவுக்கான மஞ்சள் சோற்றைச் சமைக்கும் பொறுப்பு நிங்ருமுக்கு வந்தது. மலை மாதிரி கூம்பாகக் குவிக்கும் தும்பெங் அவள் கையில் சரியாமல் நிற்கும் என்று பெயர். யாரோ கேட்டார்கள், சசோங்கோ ஒப்புக்கொண்டுவிட்டார். திங்கள் விடியலில் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, ஆவி புகைக்கு நடுவில், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஆவிக்குள் முகம் சரியாகத் தெரியாது என்ற தைரியம்.

நிங்ரும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருங்க. நீங்க மூடினதத் தொறக்க நான் சோறு பொங்கறனா?"

"இங்கிஹ்."

"இந்தக் கோழி எதுக்குச் செத்துச்சுன்னு அதுக்குத் தெரியுமா?"

சசோங்கோ துருவினார்.

"தும்பெங்கோட தலைய வெட்டறதுக்கு முன்னாடி அந்த இபுகிட்டப் போயி சொல்லணும். சொல்லுவீங்களா?"

"இங்கிஹ்."

"அந்த இங்கிஹ் வேணாம். வேற ஒண்ணு சொல்லுங்க."

தேங்காயை முழுதும் துருவி முடித்தார்.

அலுவலகக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. நடுவில் மஞ்சள் மலை, அடிவாரத்தில் முழுக்கோழி, கீரை, தெம்பே என்ற சோயாக் கட்டி, முட்டை. பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த மோதின், வேண்டுதல் சொல்ல உட்கார்ந்தவர், சுற்றிலும் பார்த்தார்.

"யாருக்காக வேண்டிக்கிறோம்?"

"கேமராவுக்குப் பாக்," என்றார் ஜுமெனோ.

"கேமரான்னா பொதுவா இருக்கு. ஊருல எத்தனையோ கேமரா. பேரு சொன்னா நல்லது."

எல்லாரும் சசோங்கோவைப் பார்த்தார்கள். அந்த மாட்யூலின் பெயரைத் தவிர வேறு பெயர் அவர் வாயில் வரவில்லை.

"யூவிசி வீடியோ, பாக்."

"நல்ல பேரு," என்றார் மோதின். கண்ணை மூடி, உருக்கமாக, யூவிசி வீடியோவின் வழியில் இருக்கும் தடைகள் யாவும் நீங்கட்டும் என்று வேண்டினார். "ஆமீன்" என்றது கூடம். தடையும் வாய்விட்டு ஆமீன் என்றது. எதிரே இபு ஹஸ்துதி கண்ணை மூடிக் கையேந்தியிருந்தார். சம்பிரதாயத்துக்கு ஏந்திய கை அல்ல. அதைப் பார்த்த பிறகு சசோங்கோவால் அந்தப் பாயில் உட்கார முடியவில்லை. மூத்திரம் போகிறவர் மாதிரி முதுகை வளைத்து நழுவி அதிகாரியின் அறைக்குள் புகுந்தார்.

மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. திரை தூங்கியிருந்தது. ஒரு விசையைத் தட்டிக் கட்டளை எழுதும் கறுப்புச் சன்னலைத் திரை முழுக்க விரித்தார். உடனே வரிகளை அழிக்கத்தான் வந்தார். ஆனால் கை ஓடவில்லை. திறந்துவிட்டால் எல்லாம் படைத்த சோற்றின் மகிமையாகிவிடும், தான் சொல்லவே வேண்டியிருக்காது என்பது அவருக்குத் தெரிந்தது. நிங்ருமின் கரண்டியும் நினைவுக்கு வந்தது. முதலில் சொல்வதை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பார்த்து நின்றார்.

"இபு, மன்னிக்கணும். இந்தச் சின்னவன், தங்கள் சமூகத்துக்கு, ஒரு சிறு விஷயத்த..." நன்றாக இல்லை. இழவுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"இபு, லினக்ஸ் தானாவே ஏதோ அப்டேட் பண்ணினப்ப..." அதுவும் பொய். நிறுத்தினார்.

பிறகு நாற்காலியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இபு, கேமராவுக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான் மூடினேன். பாக் ஹெந்த்ரார்தோ மூடச் சொன்னாரு. சாப்பிட்டதும் கூட்டத்துல வாயத் தொறந்துட்டுத் தூங்கறாரு, அது தெரியக் கூடாதுன்னு. நானும் இங்கிஹ்னுட்டேன். நீங்க கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. செத்துப்போச்சுன்னு பொய் சொன்னேன். உங்களுக்குக் கெட்ட பேரு என்னாலதான். என் சம்சாரம் நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கினா. அந்தக் கோழியும் என்னாலதான்."

கூடத்தில் மோதினின் குரல் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஊடாக ஒரு கைபேசி அதிர்ந்தது. இன்னொன்று. பிறகு பாயைச் சுற்றி ஒவ்வொருவர் மடியிலும் வரிசையாக அதிர்ந்தது. மோதின் நிறுத்தினார். யாரோ இருமலாக மாற்றிக்கொண்ட சிரிப்பு ஒன்று கேட்டது.

விவிக் வாசலில் வந்து நின்றாள். எதையும் கேலி செய்யும் அந்த முகத்தில் கேலி இல்லை.

"மாஸ். கூட்டத்துக்கு நான் முன்னாடியே இணைச்சு வெச்சுட்டேன். வேண்டுதல் நடக்குதேன்னு அவங்க சத்தத்த மட்டும் இங்க கொறச்சேன்."

"இங்கிஹ்?"

"நம்ம மைக்க அணைக்கல, மாஸ்."

கைபேசியை நீட்டினாள். மாவட்டக் குழுவில் செய்தி: கலிசோகாவின் ஒலி தெளிவாகக் கேட்கிறது, கவனிக்கவும். அதன் கீழே மற்ற வட்டாரங்கள் அனுப்பிய கைகூப்பும் படங்கள் வரிசையாக நின்றன.

விவிக் குனிந்து ஒலியைக் கூட்டினாள். மாவட்டத் தலைவரின் குரல் அறைக்குள் வந்தது, கோபமில்லாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"மாஸ் சசோங்கோதானே? கேட்டோம். இப்ப அதத் தொறந்துடுங்க."

"இங்கிஹ், பாக்."

உட்கார்ந்தார். முதல் வரியை அழித்தார். மாட்யூலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முடியாது என்றது கணினி. வியர்த்தது. மறுபடி கூப்பிட்டார். முடியாது. அப்போதுதான் அந்த இரண்டாவது வரி, தான் பக்தி வைத்திருந்த ஃபால்ஸ், வாசலில் குந்தியிருப்பது நினைவுக்கு வந்தது. அதையும் அழித்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பதில் எதுவும் வரவில்லை. கணினி மறுக்காவிட்டால் ஒன்றும் சொல்லாது. திரைக்கு மேலே சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

கலிசோகாவின் கட்டத்தில் மாவட்டம் முதன்முதலாகக் கண்ட முகம் சசோங்கோவுடையது. மீசையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அவர் அசையாமல் இருந்த அந்தக் கணத்தில், மேல் வரிசையில் இருந்த பாக் ஹெந்த்ரார்தோவின் கட்டம் சத்தமில்லாமல் கறுத்தது.

"சிக்னல் போல," என்றது ஏதோ ஒரு வட்டாரம், மிகுந்த மரியாதையோடு.

இபு ஹஸ்துதி உள்ளே வந்து நின்றதைக் கவனித்து எழுந்தார். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

"இபு..."

"கொஞ்சம் நகருங்க, மாஸ். கூட்டம் ஆரம்பிக்கணும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்த்துச் சிரித்தார். "மன்னிக்கணும், பாக். எங்க பக்கம் ஒரு சின்ன வேண்டுதல் இருந்துச்சு."

அவ்வளவுதான். திட்டுவார் என்று சசோங்கோ மாலைவரை காத்திருந்தார். திட்டவில்லை. விளக்கம் கேட்டு எழுதுவார் என்று வாரம் முழுக்கக் காத்திருந்தார். எழுதவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களா, மாஸ்?" என்று மட்டும் கேட்டார். சசோங்கோவின் பங்குச் சோற்றை மூங்கில் பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். எல்லார் பெட்டியிலும் ஒரு முட்டை. வீட்டில் நிங்ரும் திறந்து பார்த்தபோது இதில் இரண்டு இருந்தன.

"எதுக்கு ரெண்டு?"

"தெரியல."

"தெரியும்," என்றாள். இரண்டையும் அவர் தட்டிலேயே வைத்தாள்.

அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாவட்டமே அவர் வாக்குமூலத்தைக் காதால் கேட்டிருந்தும், கலிசோகாவில் நிலைத்த வரலாறு வேறு: படைத்தோம், சரியாகிவிட்டது. பாக் ஜுமெனோ வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னார். சுகாதார நிலையத்தில் அச்சு இயந்திரம் மக்கர் செய்தபோது அங்கேயும் மோதினைக் கூப்பிட்டார்கள். "உண்மைதானா, மாஸ்?" என்று யாராவது சசோங்கோவைக் கேட்டால் சுற்றியிருப்பவர்கள் அவசரமாகத் தேநீர் ஊற்றுவார்கள். அந்தக் கருணையில் அவர் கூனிக் குறுகினார். இபுவின் அறை வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று சைக்கிள் கொட்டகையைச் சுற்றிப் பின்வழியாக வந்து போனார். யாராவது எதையாவது மூடித் தரச் சொன்னால் பார்க்கிறேன் என்பார், பார்க்கமாட்டார். விவிக்கின் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றிக்கூட அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

புகையிலை அறுவடை முடிந்து மழை பிடித்தது. இபுவின் பதவி உறுதியானது. ஒரு திங்கள் காலை சசோங்கோவை இபு கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மாஸ், இந்த மழைக்கு, சாப்பிட்டதும் ஒரு மாதிரி கண்ணச் சொக்குது. கூட்டமும் கொஞ்சம் நீளமாப் போகுது."

"இங்கிஹ், இபு."

"மொகத்தக் காட்டிட்டு, ஒரு பத்து நிமிஷம் மட்டும்... முன்ன நீங்க பண்ணின மாதிரி ஏதாச்சும்..." மேலே சொல்லக் கூச்சப்பட்டு லேப்டாப்பைப் பார்த்தார்.

சசோங்கோவின் விரல்களுக்கு அந்த இரண்டு வரியும் பாடமாக இருந்தன. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் குட்டி நிரல் அனாயாசமாகச் சொல்வது அவர் தொண்டையில் ஏறி, அங்கேயே நின்றது. வெளியே வந்தது இங்கிஹ்தான்.

ஆனால் லேப்டாப் பக்கம் போகவில்லை. வெளியே போய் முதலுதவிப் பெட்டியோடு திரும்பினார். அதில் மிச்சமிருந்தது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் ஒட்டுகிற பிளாஸ்டர், நீல யானை போட்டது. ஒன்றைக் கிழித்து, திரைக்கு மேலே அந்தச் சின்னக் கண்ணில் ஒட்டினார். ஒரு முனையை மடித்துவிட்டார்.

"இந்த நுனியப் புடிச்சு இழுத்தா வந்துடும், இபு. யார் வேணா இழுக்கலாம்."

இபு ஹஸ்துதி யானையைப் பார்த்தார்.

"பாக்க அசிங்கமா இருக்கே, மாஸ். எல்லாருக்கும் தெரியுமே."

"இங்கிஹ், இபு," என்றார் சசோங்கோ. "எல்லாருக்கும் தெரியும்."

முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காது சிவக்க, முன்வாசல் வழியாக வெளியே போனார்.